சூல் பருவத்தில் மழை நின்றுவிட்டது: பொட்டாஷ் தெளிக்கலாமா?

கண்மாய்க்கரை: திருவாடானைப் பக்கம், மானாவாரி நெல். புரட்டாசியில் புழுதியில் விதைத்தது. இப்போது சூல் கட்டும் நேரம். கண்மாயில் தண்ணீர் இல்லை. உச்சிவெயிலில் இலை குழல்போல் சுருண்டுகொள்கிறது, விடியற்காலையில் விரிந்துவிடுகிறது. கடைக்காரர் ஏதோ வளர்ச்சி ஊக்கியை வாங்கச் சொல்கிறார். பொட்டாஷ் போதுமா?

புழுதிக்கால்: காலையில் இலை விரிகிறதா? அப்படியானால் பயிரில் இன்னும் உயிர்ப்பு இருக்கிறது, உடனே தெளியுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரம், அதாவது 1 சதவீதம். சிவப்பு உப்பு என்றால் முதல் நாள் இரவே கரைத்து, தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் செம்மண்டி நாசிலை அடைத்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகே அடிக்க வேண்டும். இலைத்துளைகள் திறந்து மூடுவதைச் பொட்டாஷில் உள்ள சாம்பல்சத்துதான் நடத்துகிறது, அதனால் நீர் விரயம் குறையும். விலை கூடிய பாட்டிலை நம்பிக் கடன் வாங்காதீர்கள், ஐயா!

கண்மாய்க்கரை: மிக்க நன்றி. கயோலின் என்று ஒரு வெள்ளைக் களிமண் தூளைச் சொல்கிறார்களே?

வரப்போரம்: பொட்டாஷ் கிடைக்காவிட்டால் அது. 3 சதவீதம், பத்து லிட்டருக்கு 300 கிராம். வெள்ளைப் படலம் வெயிலைத் திருப்பி இலைச்சூட்டைத் தணிக்கும். அடிக்கடி கலக்காவிட்டால் அடியில் படிந்துவிடும்.

புழுதிக்கால்: எதுவும் தண்ணீருக்கு மாற்று இல்லை, மழை வரும்வரை பயிரைத் தாங்கிப்பிடிக்கும், அவ்வளவே. அடுத்த பட்டத்தில் விதையையே 1 சதவீதப் பொட்டாஷ் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் வறட்சி தாங்கும் அண்ணா 4 நெல் ரகத்தையும் கேட்டுப் பாருங்கள்.