திரை கறுத்து மீள்கிறது, சில நேரம் நீலத்திரை: டிரைவர் கோளாறா, கார்டு கோளாறா?

கேள்வி:
வணக்கம். மேசைக் கணினி, விண்டோஸ் 11, தனி கிராபிக்ஸ் கார்டு. நான்கு நாளாக கேம் ஆடும்போதும், பிரவுசரில் வீடியோ ஓடும்போதும் திரை இரண்டு மூன்று விநாடி கறுத்துத் திரும்ப வருகிறது. தினம் ஒருமுறையாவது நீலத்திரை விழுந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இது தொடங்குவதற்கு முதல் நாள் விண்டோஸ் அப்டேட் கிராபிக்ஸ் டிரைவரையும் மாற்றியிருக்கிறது. புது டிரைவரை அதன் மேலேயே இன்ஸ்டால் செய்தும் பலன் இல்லை. கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:
கார்டுக்கு இப்போதே செலவு செய்யாதீர்கள். திரை கறுத்து மீள்வது விண்டோஸில் உள்ள டிடிஆர் ஏற்பாட்டின் வேலை. கொடுத்த வேலைக்கு கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் கார்டை ரீசெட் செய்து டிரைவரை மறுபடி ஏற்றும். ரீசெட்டே தோற்றாலோ, 60 விநாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தாலோ நீலத்திரை விழும். அதன் எண் 116. பிழைச் செய்தியில் டிரைவர் பெயர் வருகிறது என்பதற்காகக் குற்றம் டிரைவருடையதுதான் என்று ஆகிவிடாது. பதில் சொல்லியிருக்க வேண்டியது அது, அவ்வளவுதான்.

ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் பகுதியைத் திறங்கள். 'டிஸ்ப்ளே' பெயரில் 4101 இருக்கிறதா? டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டதைக் குறிக்கும் பதிவு எண் அது. அடுத்து 'கெர்னல் பவர்' 41. இது, கணினி முறையாக அணையவில்லை என்று மட்டுமே சொல்லும். ஆனால் டீட்டெயில்ஸ் தாவலில் 'பக்செக் கோட்' எதிரே உள்ள எண் முக்கியம். 278 என்றால் அது மேலே சொன்ன 116தான். நீலத்திரை பதினறும (16-ஐ அடியாகக் கொண்ட) எண்ணில் காட்டுவதை இங்கே தசமத்தில் எழுதியிருக்கும். 0 என்றால் நீலத்திரைக்கே அவகாசமில்லாமல் நின்றிருக்கிறது. அப்போது முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்.

கேட்டவர்:
4101 ஒன்பது தடவை பதிவாகியிருக்கிறது. 41-இல் 278. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

மறுமொழி 2:
பழைய டிரைவர் கணினியில் மிச்சமில்லை, அதனால்தான் மங்கலா இருக்கு. அப்ப முழுசா துடைச்சுட்டுப் போடுங்க. சாதாரணமா அன்இன்ஸ்டால் பண்ணினா விண்டோஸ் டிரைவர் கோப்புகளைச் சேர்த்து வைக்கிற டிரைவர் ஸ்டோர்ல பொதி அப்படியே கிடக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அதையே திரும்ப எடுத்து மாட்டிடும்.

அப்டேட்டுக்கு முன்னாடி ஒழுங்கா ஓடின டிரைவர் பதிப்பை கார்டு நிறுவனத் தளத்துல இருந்து முதல்லயே இறக்கி வைங்க. டிரைவரை மிச்சமில்லாம துடைக்கிற டிடியூ கருவியையும் இறக்குங்க. பிறகு இணையக் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையையும் அணைங்க. இதை விட்டுட்டா துடைச்சு முடிச்ச கையோட விண்டோஸ் அப்டேட் அதே கோளாறு டிரைவரை இறக்கிடும், பாடெல்லாம் வீண். ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்து, அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஓடுற சேஃப் மோடுக்குப் போங்க. அங்க பின் எண் வேலை செய்யாம போகலாம், கடவுச்சொல் கைவசம் இருக்கட்டும். டிஸ்க்கைப் பூட்டுற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெகவரி கீயும் வேணும். டிடியூல 'கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்'. திரும்பி வந்ததும் இறக்கி வெச்ச டிரைவரைப் போட்டு, இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் இணையத்தை இணைங்க.

மறுமொழி 3:
விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரியில் கிராபிக்ஸ் டிரைவர்ஸ் கிளையில் 'டிடிஆர் டிலே' என்ற மதிப்பைச் சேர்த்து 8 அல்லது 10 கொடுத்தால் கறுப்பது நின்றுவிடும். எளிய வழி.

மறுமொழி 1:
இவருக்கு அது வேண்டாம். அந்த மதிப்பு காத்திருக்கும் நேரத்தை நீட்டுமே தவிர, தொங்கிப்போன கார்டை எழுப்பாது. 2 விநாடி கறுப்புக்குப் பதிலாக 10 விநாடி உறைந்த திரைதான் கிடைக்கும். கனமான ரெண்டரிங் வேலையில் ஒரே கணக்கு உண்மையிலேயே 2 விநாடியைத் தாண்டும்போது அது உதவும்; கேமிலும் வீடியோவிலும் அப்படி ஆக வேண்டியதில்லை. அந்த மதிப்புகளைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்தும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

மறுமொழி 2 சொன்னபடி செய்யுங்கள். ஓவர்கிளாக் (கார்டை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) இருந்தால் முதலில் அதை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது என்றே தெரியாது. பழைய டிரைவரில் ஒரு வாரம் 4101 வராவிட்டால் கோளாறு டிரைவரில்தான். அடுத்த பதிப்பு வரும்வரை இதிலேயே இருங்கள்.

பழைய டிரைவரிலும் 4101 வந்தால், கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு கார்டுக்குப் போகும் மின்கேபிளைப் பாருங்கள். எட்டு ஊசிச் செருகி ஒவ்வொன்றுக்கும் வரையறை 150 வாட். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு செருகி கிளைத்து, இரண்டும் கார்டில் மாட்டியிருந்தால், மொத்தச் சுமையும் அந்த ஒரு கேபிளில் போகிறது. பவர் சப்ளையோடு வந்த இரண்டு தனிக் கேபிளாக மாற்றுங்கள். செருகியைக் கழற்றி உள்ளே பாருங்கள்: ஏதாவது ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியோ இளகியோ இருந்தால் அந்தக் கேபிளைத் திரும்ப மாட்டாதீர்கள். கார்டைக் கழற்றி ஸ்லாட்டில் கொக்கி சொடுக்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் 4101 வந்தால் அந்தக் கார்டை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கும் கறுத்தால் வாரன்டிக்கு அனுப்ப வேண்டியதுதான்.