மகனின் ஈறுப் பிளவுக்கு இடுப்பெலும்புதான் வேண்டுமா? பாட்டிலில் வரும் எலும்புத் தூள் போதாதா?

ஆதி_அம்மா கேட்டது:

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே இடப்பக்கம் உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. கைக்குழந்தையாக இருக்கும்போதே உதட்டைத் தைத்தார்கள், ஒரு வயதில் அண்ணத்தையும் மூடினார்கள். பேச்சு நன்றாக வந்துவிட்டது. ஈறில் மட்டும் பிளவு அப்படியே இருக்கிறது. குனிந்து தண்ணீர் குடித்தால் மூக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். யாரும் கவனிப்பதற்குள் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வான்.

ஏழு மாதமாகக் கம்பி போட்டு மேல்தாடையை விரித்து வைத்திருக்கிறார்கள். இப்போது பிளவில் எலும்பு வைக்க வேண்டுமாம், அதை இடுப்பிலிருந்து எடுப்பார்களாம். எக்ஸ்ரேயில் கோரைப்பல் பிளவுக்குப் பக்கத்தில் மேலே தொங்கிக்கொண்டிருப்பதை டாக்டர் காட்டினார். "இது இறங்குவதற்குள் செய்துவிடணும்" என்றார். அப்போது தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார்: "எனக்குச் செயற்கைப் பல்லுக்கான இம்ப்ளாண்ட் வைப்பதற்கு முன்னால் சின்ன பாட்டிலில் இருந்த எலும்புத் தூளைத்தானே வைத்தார்கள்? அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். நன்றாக நடக்கிற பிள்ளையின் இடுப்பை எதற்கு வெட்டணும்?" அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்தத் தூள் ஏன் இவனுக்கு ஆகாது? பையன் கேட்பது ஒன்றுதான்: "அப்புறம் ஓட முடியுமாம்மா?"

தாடை_மருத்துவர் எழுதியது:

வணக்கம் அம்மா. வாய், முக அறுவை சிகிச்சைதான் என் வேலை. பிளவுக் குழந்தைகளுக்கு இந்த அறுவையை நிறையச் செய்திருக்கிறேன். முதலில் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: ஓடலாம். சில நாள் நொண்டுவான், ஆறு வாரம் போல விளையாட்டு வேண்டாம் என்போம். அதற்கப்புறம் தாராளமாக ஓடலாம்.

பாட்டிலில் வருவதையும் எலும்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் அங்கேதான் வருகிறது. பெரும்பாலும் அது மாட்டெலும்பிலிருந்து கொழுப்பையும் புரதத்தையும் முழுக்க நீக்கியபின் மிஞ்சும் தாது. கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள வெள்ளைக் குருணை. உயிருள்ள செல் ஒன்றுகூட அதில் கிடையாது. பக்கத்து எலும்பு அதைக் கட்டடச் சாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு ஏறி வளரும், அவ்வளவுதான். குருணை எளிதில் கரையாது. பல வருடம் கழித்து அந்த இடத்தில் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் புது எலும்புக்கு நடுவே அது இருக்கும்.

உங்கள் அண்ணிக்கு அதுதான் நல்லது. பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு வற்றிப் போகும். ஒரு வருடத்துக்குள் அகலத்தில் பாதிகூடப் போய்விடலாம். அப்படி வற்றாமல் பருமனைக் காக்க, கரையாத பொருள் வேண்டும். குழியைச் சுற்றி எலும்புச் சுவரும் இருக்கும். பிறகு அங்கே இறங்கப் போவது இம்ப்ளாண்ட் என்கிற ஒரு திருகு, அதற்கு நாமே துளை போட்டுவிடுவோம்.

உங்கள் மகனின் பிளவில் இறங்கப் போவது அவனுடைய சொந்தப் பல். அது எலும்புக்குள் நடந்து வர வேண்டும். முன்னால் இருக்கும் எலும்பைக் கரைத்து வழி செய்துகொண்டு, பின்னால் புது எலும்பை வளரவிட்டபடியே பல் இறங்கும். கரைய மறுக்கும் குருணை வழியில் நிறைந்து கிடந்தால் அது எப்படி வரும்? அதோடு, பிளவுக்கு மேலே மூக்கு, கீழே வாய். குருணை தானாக நிற்க நாலு சுவர் அங்கே இல்லை.

இடுப்பிலிருந்து எடுப்பது பஞ்செலும்பு, அதாவது எலும்புக்கு உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் பகுதி. எலும்பை உண்டாக்கும் செல்கள் அதில் உயிரோடு வருகின்றன. சுற்றிலுமிருந்து ரத்தக்குழாய்கள் அதற்குள் புகுந்துவிட்டால் சில மாதத்தில் அது தாடையாகவே ஆகிவிடும். 1972இல் பாய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர் இந்த முறையை எழுதினார்கள். 1980களில் நார்வேயின் ஆஸ்லோ நகரக் குழுவினர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்து முடிவுகளை வெளியிட்டார்கள். பற்களுக்கு நடுவே எலும்பு எவ்வளவு உயரம் நின்றது என்பதை அவர்கள் நாலு தரமாகப் பிரித்தார்கள். இன்றும் நாங்கள் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு அப்படித்தான் தரம் சொல்கிறோம்.

"இடுப்பை வெட்டுவது" என்றால் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், அந்தச் சொல் பயமுறுத்துகிறது. இந்த வயதில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு இன்னும் குருத்தெலும்புதான். டப்பா மூடியைத் திறப்பது மாதிரி அதை ஒரு பக்கமாக மடக்குவோம். உள்ளே இருக்கும் பஞ்செலும்பைச் சிறு கரண்டியால் சுரண்டி எடுத்தபின் மூடியைத் திரும்ப வைத்துத் தைத்துவிடுவோம். கரண்டியில் வருவது கருஞ்சிவப்பாக, ஈரமாக, விரலுக்கு நறநறவென்று இருக்கும். அதைக் காயவிடக் கூடாது, காய்ந்தால் செல்கள் செத்துவிடும். அதனால் வாய்க்குள் எல்லாம் தயாரான பிறகுதான் பெரும்பாலும் இடுப்பைத் திறப்பேன்.

வாயில் முதல் வேலை மூக்குப் பக்கத்து ஓட்டையைத் தைப்பது. பிறகு அண்ணப் பக்கம். பை மாதிரி ஓர் இடம் கிடைக்கும். அதில் எலும்பை அழுத்தி நிரப்பி, கடைசியாக ஈறை இழுத்து மூடுவோம். அந்தத் தையல் விறைப்பாக இருந்தால் பிரிந்துவிடும், பிரிந்தால் எலும்பு போய்விடும். நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது அந்தக் கடைசித் தையலில்தான்.

வானம்பாடி எழுதியது:

அக்கா, எனக்குப் பத்து வயதில் இதே அறுவை நடந்தது. இப்போது வயது 22. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்: வாயைவிட இடுப்புதான் வலித்தது. முதல் நாள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க அழுதேன். இரண்டாம் நாள் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாடிப்படியில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், ஒரு வாரம் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். தொடையின் வெளிப்பக்கம் கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து இடுப்பை மறந்தே விட்டேன்.

வாயில் கஷ்டம் வேறு மாதிரி. மூக்கைச் சிந்தக் கூடாது, கடிக்கிற எதுவும் கூடாது. தையலுக்குப் பக்கத்தில் பிரஷ் கொண்டுபோகவே பயந்தேன். அம்மா கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, குழந்தைகள் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பேன். அறுவைக்கு முன்பே ஆதியை இதற்குப் பழக்கிவிடுங்கள்.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் காலை நாக்குக்கு ஏதோ கூர்மையாகத் தட்டுப்பட்டது. கோரைப்பல்லின் முனை! பிளவு இருந்த அதே இடத்தில். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதற்கப்புறம் தண்ணீர் மூக்கில் வந்ததே இல்லை.

தாமதமான_அப்பா எழுதியது:

சகோதரி, தள்ளிப் போடாதீர்கள். எங்களுக்கு இந்த வயதுக் கணக்கை யாரும் சொல்லவில்லை. மகளுக்குப் பதினான்கில்தான் செய்தோம். அதற்குள் கோரைப்பல் பிளவின் ஓரமாகவே இறங்கி, வேரின் ஒரு பக்கம் எலும்பில்லாமல் நின்றது. வைத்த எலும்பு அந்த வேரில் ஒட்டவில்லை. ஓட்டை மூடியது, மூக்கின் அடியும் கொஞ்சம் உயர்ந்தது. பல்லைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அந்த எக்ஸ்ரேயைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆதி_அம்மா எழுதியது:

மூவருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர், இன்னும் ஒரே ஒரு கேள்வி. பிஎம்பி என்று ஒரு புரதம் இருக்கிறதாமே? பஞ்சில் நனைத்து வைத்தால் எலும்பு தானாக வளருமாம், இடுப்பைத் தொடவே வேண்டாமாம். அது உண்மையா?

தாடை_மருத்துவர் எழுதியது:

உண்மைதான், ஏமாற்று கிடையாது. தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு முளைப்பதை 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் காட்டினார். அதற்குக் காரணமான புரதங்களில் ஒன்றைத்தான் இப்போது ஆய்வகத்தில் தயாரித்து, கொலாஜன் பஞ்சில் ஊற்றி வைக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில், மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தவும், பல் பிடுங்கிய குழிக்கும் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி பெரியவர்களுக்கு. வளர்ந்துகொண்டிருக்கும் எலும்புக்கு இல்லை. பிளவுக் குழந்தைகளுக்கும் சில மருத்துவர்கள் வைக்கிறார்கள், எலும்பும் வளர்கிறது. ஆனால் முகம் பெரிதாக வீங்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, நன்றாகத் தெரிந்த வழி கையில் இருக்கும்போது, நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். என் மகனாக இருந்தாலும் இடுப்பெலும்புதான்.

மோவாயிலிருந்து எடுக்கலாமே என்றும் யாராவது சொல்வார்கள். அங்கே கிடைப்பது கொஞ்சம். இந்த வயதில் கீழ்க் கோரைப்பற்களும் அங்கேயே உள்ளே காத்திருக்கும்.

உங்கள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கோரைப்பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது? பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் சரியான நேரம். பிளவின் ஓரத்தில் பால்பல் ஏதாவது இருந்தால் அதை எப்போது எடுப்பார்? அறுவைக்குச் சில வாரம் முன்பே எடுத்து ஈறு ஆறியிருந்தால் கடைசித் தையல் நன்றாக நிற்கும்.

ஆதி_அம்மா எழுதியது:

கேட்டேன் டாக்டர். வேர் பாதியைத் தாண்டிவிட்டதாம். பிளவை ஒட்டி ஒரு பால்பல் இருக்கிறது, அதை அடுத்த வாரம் எடுக்கிறார்கள். அறுவை பள்ளி விடுமுறையில். வானம்பாடி எழுதியதை ஆதிக்குப் படித்துக் காட்டினேன். பின்பக்கமாகப் படி இறங்குவதை இப்போதே பழகிக்கொண்டிருக்கிறான். இடுப்பில் சுரண்டிய பள்ளம் அப்படியே இருக்குமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னான்.

தாடை_மருத்துவர் எழுதியது:

இருக்காது என்று சொல்லுங்கள். உள்ளே ரத்தம் உறைந்து, அதிலேயே எலும்பு வளர்ந்து தானாக நிரம்பிவிடும். படி இறங்கும்போது கைப்பிடியை விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.