பூ அழகாகத்தான் இருந்தது, நடுதான் கருகியிருந்தது

மலையில் வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டு, விடிந்ததும் கேமராவையோ போனையோ எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் இறங்குகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வசந்தத்தில் நீங்கள் கண்டதை எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் சரிவில் இருக்கிறது. மேலே வீடு, அதற்குக் கீழே நான்கு படிகளாகக் காய்கறிப் பாத்திகள், அடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்சுவர். சுவரை ஒட்டி உள்பக்கம் மூன்று ஆப்பிள் மரங்கள். காற்று அடிக்காத இடம், பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொள்ளும் என்று நம்பி அங்கே நட்டோம். மூன்று வசந்தங்களுக்கு முன்னால் அவை முதன்முதலாகக் கிளை தெரியாமல் பூத்தன. அன்று இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை.

விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை. நான் ஓடிப்போய்ப் படம் எடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் ஊசி ஊசியாக உறைபனி. பின்னாலிருந்து வெயில் ஏற ஏற, அந்த ஊசிகள் ஒவ்வொன்றாக உருகித் துளியாகி விழுந்தன. பனியைக் கேமரா தன் இஷ்டத்துக்கு விட்டால் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி வைத்து எடுத்தேன். மதியம் மறுபடி போய் அதே கிளையை மேக்ரோ லென்ஸில் எடுத்தேன். ஓர் இதழும் வாடவில்லை. தப்பித்தோம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

ராத்திரி கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கை நின்றது. இதழ் வெள்ளை, கேசரத்தின் நுனி மஞ்சள், எல்லாம் சரி. நடுவில் பச்சையாக நிற்க வேண்டிய சூல்தண்டு மட்டும், தீக்குச்சியை அணைத்த பிறகு இருக்குமே, அந்த நிறத்தில் இருந்தது. முந்தைய நாள் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் பச்சை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு பூவைப் பறித்து, காய் பிடிக்க வேண்டிய அடிப்பாகத்தை நகத்தால் கீறினேன். உள்ளேயும் கறுப்பு. தாழ்ந்த கிளையில் ஐம்பது பூவைப் பார்த்ததில் ஏழில்தான் பச்சை மிஞ்சியிருந்தது. உச்சியில் பாதிக்கு மேல் பிழைத்திருந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. ஆப்பிள் மொட்டு நுனியில் பச்சை எட்டிப் பார்க்கும் பருவத்தில் கிட்டத்தட்ட மைனஸ் 8 டிகிரி வரை பெரிய சேதமில்லாமல் தாங்கும். முழுக்க விரிந்துவிட்டால் மைனஸ் 2.2 டிகிரியில் அரை மணி நேரம் நின்றாலே பத்தில் ஒரு பங்கு போகும், மைனஸ் 3.9 என்றால் பத்தில் ஒன்பது போகும். இரண்டுக்கும் இடையே இரண்டு டிகிரிகூட இல்லை. என் மரங்களின் உச்சிக்கும் அடிக்கும் இருந்த வித்தியாசமும் அந்த அளவுதான் இருந்திருக்கும்.

அடுத்த வசந்தத்தில் மாடி ஜன்னலில் முக்காலியை நிறுத்தி, பனி பெய்த ஒவ்வொரு விடியலிலும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்தேன். நான்கைந்து படங்களை அடுக்கிப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. வெள்ளை, சுவரிலிருந்து மேல்நோக்கி வந்து, வீட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவது பாத்தியில் நின்றிருந்தது. அந்த எல்லைக்கோடு தொட்டியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தைப் போல நேராக இருந்தது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். தெளிந்த ராத்திரியில் அது சரிவில் வழிந்து இறங்குகிறது. என் சுவர் அதற்கு அணை கட்டியிருந்தது. நான் கதகதப்பான மூலை என்று நினைத்ததுதான் தோட்டத்திலேயே குளிர்ந்த குழி.

சுவரின் தாழ்ந்த மூலையில் இரண்டு முழ அகலத்துக்குக் கல்லை எடுத்துவிட்டுக் கம்பிப் படல் வைத்தோம். அதன் பலன் என்ன என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

*

தம்பி, அந்தக் கறுத்த நடுவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷம் "பூ வந்தது, காய் வரவில்லை" என்று தேனீயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கேமரா இல்லை, போன்தான். மகள் வீடு மலையடிவாரத்தில், எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தட்ட 600 மீட்டர் கீழே. அங்கே பிளம் பூத்ததும் அவள் படம் அனுப்புவாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்காது, பீன்ஸ் விதையை ஊன்றிவிடுவேன். மண்ணிலேயே அழுகிப்போகும். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

1918இல் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு 400 அடி உயரத்துக்கும், அதாவது சுமார் 120 மீட்டருக்கும், வசந்தம் நான்கு நாள் தள்ளிப்போகும் என்று. பேத்தி படித்துச் சொன்னாள். 600 மீட்டருக்கு இருபது நாள். போனில் மகள் அனுப்பிய படத்தின் தேதியையும், எங்கள் மரம் பூத்தபோது நான் எடுத்த படத்தின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வருஷம் பதினேழு நாள், ஒரு வருஷம் இருபத்துமூன்று. எங்கள் மேடு வடக்குப் பார்த்தது, பனி கரைய நேரமாகும், அதனால் கணக்கு அச்சாக வராது. ஆனாலும் இவ்வளவு கிட்டத்தில் வருவது எனக்கு ஆச்சரியம்தான்.

இப்போது அவள் படம் வந்தால் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு சரி. காலையில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்க்கிறேன். 7 டிகிரி தொடர்ந்து இருந்தால் உருளைக்கிழங்கு வைப்பேன். பீன்ஸுக்கு 15 வர வேண்டும். பட்டாணி பொறுமைசாலி, அதற்கு முன்னாலேயே போட்டுவிடலாம்.

*

நான் புதியவள், எழுதிப் பழக்கமில்லை. ஒன்றே ஒன்று மட்டும்.

பனி முழுசாகப் போகாத ஒரு காலையில், காய்ந்த இலைக் குவியலை வாரிப்போடக் குனிந்தேன். உள்ளேயிருந்து உடம்பெல்லாம் மயிராக, கட்டைவிரல் நுனியளவு பருமனில் ஒரு பம்பிள்தேனீ மெதுவாக ஏறி வந்தது. இறக்கை அசையவில்லை. வயிறு மட்டும் வேக வேகமாகத் துடித்தது. சாகப்போகிறது என்று நினைத்தேன். கேமராவை மண்ணில் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். நான்கு நிமிஷம் இருக்கும். திடீரென்று உறுமிக்கொண்டு எழும்பி, நேராகக் குரோகஸ் பூவுக்குள் தலையை விட்டது.

அது ராணி. முந்தின கோடையின் கூட்டில் மற்றதெல்லாம் செத்துப்போக, கருவுற்ற ராணிகள் மட்டும் தனித்தனியாக மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் குளிர்காலத்தைக் கழிக்குமாம். வெளியே வந்ததும், இறக்கையை அசைக்காமலே பறக்கும் தசையை நடுங்கவைத்து, மார்பை 30 டிகிரிக்குச் சூடேற்றிய பிறகுதான் பறக்கும். நான் பார்த்த துடிப்பு மூச்சு வாங்கியது. படத்தைப் பெரிதாக்கினால் முதுகு மயிரில் மண் துகள் ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது.

ஒரு ராணி போனால் ஒரு கூடே போச்சு. அன்றிலிருந்து பகலில் கதகதப்பு நிலைக்கும்வரை நான் சருகை வாருவதில்லை. தோட்டம் அலங்கோலமாக இருக்கிறது என்று பக்கத்தில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

*

அக்கா தேதியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ஒரு கதவு ஞாபகம் வந்தது.

மேல் வீட்டுப் பெரியவர் தோட்டச் சாமான் கொட்டகையை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்லி, கோழிகளைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார். கதவைச் சாத்தியபோது அதன் உள்பக்கத்தில் ஏதோ கோடு கோடாகத் தெரிந்தது. கேட்டேன். "பிளம் திறக்கிற நாள் அப்பா எழுதுவாங்க, அப்புறம் நான்" என்றார், சாதாரணமாக. பென்சில். பாதி அழிந்துவிட்டது. நேருக்கு நேர் எடுத்த படத்தில் வெறும் பழுப்பு மரம்தான் வந்தது.

கதவை ஒருக்களித்துச் சாத்தி இருட்டாக்கி, டார்ச்சை மரத்தோடு மரமாக ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். பென்சில் கரி போயிருந்தாலும் அழுத்தி எழுதிய பள்ளம் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வந்தது. பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் தெரிவதை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு வரியில் நாளோடு "மறுபடி பனி, எல்லாம் போச்சு" என்று இருந்தது. அவர் அப்பாவின் கையெழுத்து. அதை விரலால் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்து முப்பது படம் எடுத்தேன். நாற்பத்தோரு வருஷங்கள் படிக்கும்படி கிடைத்தன.

இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் முதல் பூ, முதல் இலை, முதல் குயில் என்று தன் நிலத்தில் குறிக்கத் தொடங்கி, அவர் குடும்பம் 1958 வரை தொடர்ந்தது. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாள்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய நாட்குறிப்புகளிலிருந்து திரட்டப்பட்டிருக்கின்றன. 2021இல் அங்கே மார்ச் 26இலேயே முழுப் பூப்பு வந்தபோது, அவ்வளவு சீக்கிரம் முன்பு எப்போதும் வந்ததில்லை என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். மேல் வீட்டுக் கதவு அவ்வளவு நீளமில்லை. ஆனால் அது இந்தச் சரிவைப் பற்றி, இந்த ஒரு மரத்தைப் பற்றிச் சொல்கிறது. அதை வேறு எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது.

உங்கள் ஊர்ப் பெரியவர்களின் காலண்டர், விதை டப்பா மூடி, கணக்கு நோட்டு எதையும் இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

பி.கு: புதிய கொட்டகையில் பழைய கதவையே மாட்டச் சொல்லிவிட்டார். மாட்டியாயிற்று.

*

தொடங்கியவன் மறுபடி. ஐயா, அந்தக் கதவை நான் வந்து பார்க்கலாமா?

சொன்னபடி சுவர் விஷயம். இந்த வசந்தத்தில் பூ முழுக்க விரிந்திருந்தபோது அதே மாதிரி ஓர் இரவு வந்தது. நட்சத்திரம் கொட்டிக்கிடந்தது, காற்றில்லை. பகலிலேயே மரத்தடிக் களையை எல்லாம் எடுத்து மண்ணை வெறுமையாக்கி, நன்றாக நனைத்து வைத்திருந்தேன். ஈரமான வெறும் மண் பகல் சூட்டை அதிகம் வாங்கி ராத்திரி விடும். தாழ்ந்த கிளையில் ஒரு வெப்பமானி, மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்று. கம்பிப் படல் வழியே காற்று போகிறதா என்று பார்க்க, அதில் ஒரு நூல் துண்டைக் கட்டியிருந்தேன். இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது எங்கும் காற்றே இல்லை, நூல் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. வழிகிறது. அந்த நூலை எத்தனை படம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. எதுவும் சரியாக வரவில்லை, ஆனால் ஒன்றையும் அழிக்கப் போவதில்லை.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளையில் மைனஸ் 1.6. ஜன்னலில் பூஜ்யத்துக்குச் சற்று மேலே. மாடியிலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைக்கோடு அடியில் இருக்கும் நான்காவது பாத்தியைத் தாண்டவில்லை.

மதியம் வரை காத்திருந்தேன். உருகிச் சில மணி நேரம் ஆனால்தான் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு தாழ்ந்த கிளையில் ஐம்பது பூவை லென்ஸ் வழியாகவே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் போனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் துல்லியமாக விழும், இதழில் போகஸ் வைத்தால் நடு மங்கிவிடும், அதனால் நேராகச் சூல்தண்டின் நுனிக்கே வைத்தேன். நாற்பத்து நான்கில் பச்சை.

எண்ணி முடித்து நிமிர்ந்தபோது முதல் கிளையில் ஒரு பம்பிள்தேனீ வந்து உட்கார்ந்திருந்தது. தங்கை எழுதியதைப் படிப்பதற்கு முன்னால் என்பதால், அது ராணியா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. படம் இருக்கிறது. முதுகில் மண் ஒட்டியிருக்கிறதா என்று இப்போதுதான் பெரிதாக்கிப் பார்க்கப் போகிறேன்.