புது எலக்ட்ரிக் கிட்டார்: கோளாறு கையிலா, நட்டிலா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அகூஸ்டிக் கிட்டாரில் பஜனைக்கு வாசித்துப் பழகிய கை. போன மாதம் எலக்ட்ரிக் வாங்கினேன்: ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை, 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), மெல்லிய 9-42 கம்பிகள். அழுத்தாமல் மீட்டினால் சுருதி சுத்தம். இ மேஜர் சுரக்கூட்டைப் பிடித்தால் மட்டும், முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) அழுத்தும் மூன்றாம் கம்பி சுருதி ஏறிக் காதைக் குடைகிறது. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லை.

கம்பிகளைச் சற்றுத் தடித்த 10-46க்கு மாற்றினேன். 12ஆம் ஃப்ரெட்டில் இன்டொனேஷன் (அழுத்திய சுரத்தின் சுருதித் துல்லியம்) சரியாகத்தான் இருக்கிறது. மெல்ல அழுத்தினால் சுருதி ஏறுவது சற்றுக் குறைகிறது, தீரவில்லை. மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பார்த்தால், முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது! கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளம் உயரமோ என்று சந்தேகம். கடைக்காரரோ "பழகினால் சரியாகிவிடும்" என்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. நட்டைக் கூடுதலாக அராவிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், அதனால்தான் தயக்கம்.

நட்டின் பள்ளத்தை அராவி இறக்குவதா, கை பழகும்வரை பொறுப்பதா?