மறு: 'நீக்கம்' என்ற சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம். நீரில் கலந்து எளிதில் அழியாமல் தங்கும் பிஎஃப்ஏஎஸ் (PFAS) என்ற ஃபுளூரின் சேர்மங்களை ஆங்கிலத்தில் 'forever chemicals' என்கிறார்கள். அவற்றுக்கும், நீரிலிருந்து அவற்றை அகற்றும் முறைகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் வரைவுக்கு என் மறுமொழி இது.

> 'சிரஞ்சீவி வேதிப்பொருள்' என்று வைத்தால் என்ன?

வேண்டாம் ஐயா. சிரஞ்சீவி, பிள்ளைகளை வாழ்த்தும் சொல். 'அழியா' என்ற சொல்லும் புகழோடும் செல்வத்தோடும் ஒட்டிப் பழகியது. நீரைக் கெடுக்கும் பொருளுக்கு அந்தப் பெருமை எதற்கு? 'மக்கா ஃபுளூரின் சேர்மம்' என்பது என் முன்மொழிவு. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வாசலில் பிரித்துக் கொடுக்கிறோமே, அந்த மக்கல்தான். கழிவுநீர் நிலையம் நுண்ணுயிர்களை நம்பி நடக்கிறது. கார்பன்-ஃபுளூரின் பிணைப்பிடம் அவை தோற்றுப்போகின்றன. வேறு சில சேர்மங்கள் அங்கே பாதி சிதைந்து, இந்த வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ (PFOA) என்ற சேர்மமாக மாறுவதால், உள்ளே வந்ததைவிட வெளியேறும் நீரில் அது கூடுவதும் உண்டு.

என் பெருங்கவலை 'நீக்கம்' பற்றியது. கரித்தொட்டி வழியாக நீரை விட்டால் சேர்மம் கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. நீர் தெளிந்துவிட்டது, சரி. பயன்தீர்ந்த கரியைக் குப்பைமேட்டில் கொட்டினால் மழையோடு மறுபடியும் மண்ணில் இறங்குமே!

நுரை முறையையும் பாருங்கள். இந்த மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் நீரை விட்டு விலகும். அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டால், வாலைக் குமிழிக்குள்ளும் தலையை நீருக்குள்ளும் நீட்டியபடி குமிழியின் தோலில் ஒட்டி மேலேறிவிடும். நுரையை வழித்தெடுத்தால் போதும். அழகான வேலை! ஆனால் வழித்த நுரையில் அத்தனையும் அப்படியே இருக்கிறது. இவற்றையெல்லாம் 'பிரிப்பு' என்றே எழுதுவோம். 'நீக்கம்' என்று படிப்பவர் ஒழிந்தது என்றே நம்பிவிடுவார்.

நீரை 374 டிகிரி செல்சியஸுக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய், ஆக்சிஜன் சேர்த்து, அதிலுள்ள சேர்மத்தை எரித்து அழிக்கும் முறை வேறு வகை.

> அதற்குச் 'சிதைப்பு' போதுமே?

போதாது. மூலக்கூறின் நீண்ட கார்பன் சங்கிலி முறிந்து குறுகினாலும் சிதைவுதான். மிஞ்சும் துண்டும் மக்காததே. குட்டைச் சங்கிலியைக் கரியில் பிடிப்பது இன்னும் கடினம். ஃபுளூரின் பிணைப்பிலிருந்து விடுபட்டு ஃபுளூரைடாக வெளிவந்தால்தான் வேலை முடிந்தது. ஆகவே 'பிணைப்பறுப்பு'. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் குடிநீரில் பிஎஃப்ஓஏ-வுக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். இவ்வளவு நுண்ணிய கணக்குள்ள துறையில் பிரிப்பையும் அறுப்பையும் ஒரே சொல்லில் கலக்கலாமா?

இன்னொன்று. வரைவில் கரி 'உறிஞ்சுகிறது' என்று இருக்கிறது. உறிஞ்சவில்லை, பரப்பில் பிடித்துவைக்கிறது. பாடநூலில் உள்ள 'பரப்பு கவர்தல்' அங்கே இருக்கட்டும். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம்.