இயற்கைக் காப்பகத்தின் கடல்பக்க எல்லை: அரசு அறிவிக்கைக் கோடா, படத்தில் தெரியும் கோடா?

கரைவரை: அறிவிக்கையில் "உயர் ஓதக் கோடு வரை" (கடல் ஏறும்போது நீர் எட்டும் கோடு வரை) என்றிருக்கும் காப்பகத்துக்குக் கணினி வரைபடத்தில் பாலிகன், அதாவது மூடிய எல்லை வடிவம், வரைய, பழைய தாள் வரைபடத்தை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம்? ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படம் 10 மீட்டர் பிக்சலில் இலவசம். பச்சை, அண்மை அகச்சிவப்புப் பட்டைகளை வைத்து நீரையும் நிலத்தையும் பிரித்துக் காட்டும் நீர்க் குறியீடு போட்டால் கரை வந்துவிடும்.

முளைக்கல்: வருவது கரையல்ல, படம் எடுத்த நொடியில் தண்ணீர் நின்ற இடம். உயர் ஓதக் கோடு நெடுநாள் அளவுகளிலிருந்து வருவது. ஓத வீச்சு (ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாடு) 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைவதால் அமெரிக்காவில் 19 ஆண்டுச் சராசரி எடுக்கிறார்கள். கரையின் சரிவு 100-க்கு 1 என்றால், நீர்மட்டம் 30 செ.மீ. மாறினாலே கோடு 30 மீட்டர் நகரும். மூன்று பிக்சல் போச்சு.

கரைவரை: ஒரே படத்தை யார் நம்பச் சொன்னது? ஒரு வருடப் படங்களை அடுக்கி, எந்த பிக்சல் எத்தனை முறை நனைந்தது என்று எண்ணலாமே.

முளைக்கல்: அந்தச் செயற்கைக்கோள் எப்போதும் முற்பகல் பத்தரை வாக்கில்தான் கடக்கும். சில கரைகளில் உச்ச ஓதம் அந்த நேரத்தில் வருவதே இல்லை; எத்தனை படம் அடுக்கினாலும் சிக்காது. அலையாத்திக் காடு இன்னும் மோசம்: அடியில் தண்ணீர் நிற்கும், மேலே இலைதான் தெரியும். உங்கள் கோடு காட்டின் கடலோர விளிம்பில் விழும், உண்மைக் கோடு உள்ளே இருக்கும்.

லேயர்பித்தன்: குறுக்கே வருகிறேன். 30 மீட்டருக்குச் சண்டை போடுகிறீர்கள். 9 பாகை 30 கலையை 9.30 என்று தட்டச்சு செய்து 22 கிலோமீட்டர் தள்ளிப்போன பாலிகனை முதலில் பிடியுங்கள். ஒரே சதுப்பு தேசியப் பூங்காவாகவும் ராம்சார் தலமாகவும் (பன்னாட்டு ஒப்பந்தத்தில் பட்டியலிட்ட ஈரநிலம்) இருந்தால், ஒன்றன்மேல் ஒன்று விழும் பாலிகன்களை ஒன்றாக இணைக்காமல் பரப்பைக் கூட்டாதீர்கள். பரப்பைச் சமபரப்பு வீழலில் (பரப்பளவை மாற்றாமல் உருண்டை பூமியைத் தட்டையாக்கும் முறை) மட்டும் கணக்கிடுங்கள்; இணைய வரைபடங்களில் வரும் வெப் மெர்கேட்டர் வீழல் 60 பாகை அட்சத்தில் பரப்பை நாலு மடங்கு காட்டும்.

கரைவரை: சரி. ஆனால் கரை அரித்துப்போன இடத்தில் உங்கள் பழைய கோடு கடலுக்குள் நிற்கிறதே, முளைக்கல்?

முளைக்கல்: அறிவிக்கை ஆயத்தொலைகளைச் சொன்னால் நிற்கட்டும். அதை மாற்றும் அதிகாரம் அறிவித்தவருக்குத்தான், வரைபவருக்கு இல்லை. "ஓதக் கோடு வரை" என்றால் நகரும், ஆனால் அளந்து நகர்த்த வேண்டும்.

கரைவரை: இரண்டையும் காட்டினால் படிப்பவர் எதை நம்புவார்?

முளைக்கல்: சட்டக் கோட்டை முழுக்கோடாக, உங்களுடையதைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். பக்கத்திலேயே படம் எடுத்த தேதி, நேரம், அப்போதைய ஓத உயரம். இந்த மூன்றும் இல்லாத புள்ளிக்கோட்டை நான் ஏற்கமாட்டேன்.