மெகா மேன் வரிசையில் 2-தான் உச்சமா? மீதியை எந்த வரிசையில் ஆடுவது?

புது பிளேயர்:

வணக்கம் நண்பர்களே. தள்ளுபடியில் கிடைத்தது என்று மெகா மேன் லெகசி கலெக்‌ஷன் இரண்டையும் வாங்கிவிட்டேன். பழைய மெகா மேன் வீடியோ கேம்களின் தொகுப்புகள் இவை, முதலாவதில் 1 முதல் 6 வரை, இரண்டாவதில் 7 முதல் 10 வரை. சின்ன வயதில் டிவி கேமில் கேசட் போட்டு கான்ட்ரா, மாரியோ ஆடியதோடு சரி, இந்த நீலச் சட்டைக்காரன் பக்கம் போனதே இல்லை.

யாரைக் கேட்டாலும் "2 ஆடு, அதுதான் பெஸ்ட், மீதியெல்லாம் அதன் நகல்" என்கிறார்கள். அதனால் 2-இல் ஆரம்பித்து நார்மலில் முடித்தும்விட்டேன். பிடித்தது. குளிக்கும்போதுகூட அந்தக் கோட்டைப் பாட்டுதான் வாயில் வருகிறது. ஆனால் கடைசியில் வரும் வில்லன் டாக்டர் வைலியின் கோட்டையில் ஒரு அறை, சுவரெல்லாம் பீரங்கி, எல்லாம் ஒரே நேரத்தில் சுடும். அங்கே வந்த கடுப்பில் கண்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உச்சமே இப்படி என்றால் மற்றதை ஆடத்தான் வேண்டுமா? ஆடினால் எதை முதலில் ஆடுவது?

கான்கிரீட் ஷாட்:

2 நல்ல கேம், அதில் சண்டை இல்லை. 1987 டிசம்பரில் வந்த முதல் கேம் பெரிதாக ஓடவில்லை. இரண்டாவதை, வேறு வேலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குழு ஆசைப்பட்டு உட்கார்ந்து செய்தது. அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜப்பானில் வெளியானது. அந்த ஆசை எட்டு ஸ்டேஜிலும் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஜின் முடிவிலும் ஒரு பாஸ், அவனைக் கொன்றால் அவன் ஆயுதம் நமக்கு. ஆனால் 2-ஐ உச்சம் என்கிறவர்கள் பாட்டையும் அந்த எட்டு ஸ்டேஜையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். கோட்டைக்குள் நடக்கும் கூத்தை அவர்கள் பேச மாட்டார்கள்.

நீங்கள் கடுப்பான அறைக்கு பூபீம் டிராப் என்று பெயர். அங்கே இருப்பது ஐந்து பீரங்கி. கிராஷ் மேனிடம் வாங்கிய கிராஷ் பாம் தவிர எதற்கும் அசையாது. கிராஷ் பாம் முழுசாக நிரம்பியிருந்தால் ஏழு குண்டு. சில பீரங்கிகளுக்கு முன்னால் சுவர் வேறு, அதையும் அதே குண்டால்தான் உடைக்க வேண்டும். ஆக பீரங்கிகளுக்கு ஐந்து போனால் சுவர்களுக்கு மிச்சம் இரண்டே. ஒன்று தவறினால் போச்சு. செத்துத் திரும்பி வந்தாலும் குண்டு நிரம்பியிருக்காது, எதிரிகளைக் கொன்று கொன்று பொறுக்கிச் சேர்க்க வேண்டும். இதைச் சவால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது கணக்கு வாத்தியார் வேலை.

என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். பாஸிடமிருந்து பிடுங்கிய ஆயுதம் அடுத்த பாஸைக் கொல்வதற்கு மட்டுமா, இல்லை வழியெல்லாம் என்னை யோசிக்க வைக்கிறதா? இந்த வரிசைக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. ஓடுவதும் குதிப்பதும் சுடுவதும் எந்த கேமிலும் உண்டு.

அந்த அளவுகோலில் 2 பாதி மதிப்பெண்தான் வாங்குகிறது, காரணம் மெட்டல் மேனிடம் வாங்கும் மெட்டல் பிளேடு என்கிற சக்கரம். எட்டுத் திசையிலும் எறியலாம். ஒரு கோடு ஆற்றலுக்கு நாலு சக்கரம், மொத்தம் 28 கோடு. தீரவே தீராது. கோட்டையில் மெட்டல் மேனை மறுபடி சந்திக்கும்போது நார்மலில் அவனுடைய சக்கரம் ஒன்றை அவன் மேலேயே எறிந்தால் ஒரே அடியில் காலி. அதைப் பார்த்து நான் இன்றும் சிரிப்பேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், லீஃப் ஷீல்டை எத்தனை தடவை எடுத்தீர்கள்? நகர்ந்தாலே பறந்து போய்விடும் கேடயம் யாருக்கு வேண்டும்?

அதே 2-இல் குவிக் மேன் ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் சாவு என்கிற அந்த லேசர் கதிர்கள். ஃபிளாஷ் மேனிடம் வாங்கிய டைம் ஸ்டாப்பர் கையில் இருந்தால் கதிர்களை அப்படியே நிறுத்திவிடலாம். அதே டைம் ஸ்டாப்பர் குவிக் மேனின் உயிரிலும் கிட்டத்தட்டப் பாதியை உறிஞ்சும். ஒருமுறை தட்டினால் தீரும்வரை நிற்காது. வழியில் செலவழிப்பதா, பாஸுக்கு வைத்துக்கொள்வதா? நான் தேடுவது இந்தக் குழப்பத்தைத்தான். எட்டு ஸ்டேஜும் இப்படி இருந்திருந்தால் நானும் 2-க்குக் கொடி பிடித்திருப்பேன்.

1990-இல் வந்த 3-இல் சறுக்கும் வசதி, ரஷ் என்கிற நாய், ப்ளூஸ் என்கிற இன்னொரு ரோபோ எல்லாம் வந்தன. நல்ல சேர்க்கை. 1991-இல் 4 வந்தது, கூடவே சார்ஜ் ஷாட்டும் வந்தது, சனி பிடித்தது. பட்டனை அழுத்திப் பிடித்து விட்டால் பெரிய குண்டு, செலவே இல்லை. பிறகு எவன் மெனுவைத் திறந்து ஆயுதம் மாற்றப் போகிறான்? 5-இல் அந்தக் குண்டு இன்னும் பெரிதானது, ஆயுதங்களோ இன்னும் சொத்தையாகிவிட்டன. பவர் ஸ்டோன் என்று ஒன்று. மூன்று கற்கள் நம்மைச் சுற்றி விரிந்துகொண்டே போகும், எதிரி நிற்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும். கிராவிட்டி மேன் ஸ்டேஜில் தலைகீழாக நடப்பது அருமை, மறுக்கவில்லை. அங்கேயும் நான் ஆடியது பஸ்டரோடுதான், அதாவது ஆரம்பத்திலிருந்தே கையில் இருக்கும் துப்பாக்கியோடு.

7-உம் 8-உம் பார்க்க அழகு. 8-இன் பனிச்சறுக்குப் பலகைப் பகுதியில் "ஜம்ப் ஜம்ப், ஸ்லைடு ஸ்லைடு" என்று ஒரு குரல் கத்தும். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். 2008-இல் 9 வந்தது. 8 வந்து பன்னிரண்டு வருடம் கழித்து, பழைய எட்டு பிட் தோற்றத்திலேயே. சார்ஜ் கிடையாது, சறுக்கலும் கிடையாது. எல்லாரும் ஏக்கத்துக்காகச் செய்த வேலை என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த இரண்டையும் பிடுங்கியதும் ஆயுதங்களுக்கு வேலை வந்துவிட்டது. கான்கிரீட் ஷாட் சுவரில் விழுந்தால் இறுகி நிற்கும், அதன் மேல் ஏறி நிற்கலாம். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? டொர்னேடோ ப்ளோ திரையில் இருக்கும் எல்லாரையும் தூக்கும், நம்முடைய தாவலையும் உயர்த்தும். ஹார்னெட் சேஸர் குளவிகள் எட்டாத இடத்தில் கிடக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து தரும். ஜூவல் சாட்டிலைட்டைச் சுற்றவிட்டு நடந்தால் வரும் குண்டெல்லாம் திரும்பிப் போகும். பிளாக் ஹோல் பாம் எதிரியை மட்டுமா, அவன் சுட்ட குண்டையும் விழுங்கும். எட்டு ஆயுதங்களில் ஒன்றுகூட லீஃப் ஷீல்டு கதை இல்லை.

முள் அதிகம். செம கடுப்பாகும். அதற்குத்தான் அங்கே கடை இருக்கிறது, எதிரிகள் போடும் திருகுகளைச் சேர்த்து உயிரை நிரப்பும் இ-டேங்க் வாங்கலாம், பள்ளத்தில் விழுந்தால் தூக்கிவிட பீட் பறவையை வாங்கலாம்.

ஜீரோ ரசிகன்:

கான்கிரீட் ப்ரோ, இதே வழக்கை எல்லா இடத்திலும் வாதாடுகிறீர்கள், சார்ஜ் ஷாட் பாவம். 4 வந்து இரண்டே வருடத்தில் மெகா மேன் எக்ஸ் என்கிற தனி வரிசை வந்தது, அதிலும் சார்ஜ் உண்டு. அங்கே ஆயுதம் செத்தா போனது? கைப் பகுதிக்கான மேம்பாட்டை எடுத்துவிட்டால் பாஸ் ஆயுதங்களையே சார்ஜ் செய்து வேறு மாதிரி விடலாம். அதற்கும் மேலே, சில் பெங்குவினை முடித்துவிட்டு ஃபிளேம் மேமத் ஸ்டேஜுக்குப் போனால் தீக்குழம்பு உறைந்து கிடக்கும். ஸ்டார்ம் ஈகிளின் விமானத்தை வீழ்த்தினால் ஸ்பார்க் மாண்ட்ரில் ஸ்டேஜில் மின்சாரம் போய்விடும். ஆயுதம் மட்டுமா, எந்த வரிசையில் போகிறோம் என்பதே யோசிக்க வைக்கிறது.

4-ஐப் பற்றியும் நியாயமாகப் பேசுங்கள். ஃபாரோ ஷாட்டை மேலே கீழே குறி வைத்துச் சுடலாம், சார்ஜ் செய்து தலைக்கு மேல் பந்தாக வைத்துக்கொண்டே நடந்தால் மேலிருந்து வருகிறவன் தானாகச் சாவான். அது சொத்தையா? டாக்டர் காசக் கோட்டை முடிந்ததும் வைலியின் கோட்டை திறக்கும்போது, முதல் முறை ஆடுகிறவன் நிச்சயம் "இன்னுமா!" என்பான்.

கான்கிரீட் ஷாட்:

ஃபாரோ ஷாட் நல்ல ஆயுதம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஊருக்கு ஒரு நல்லவன்.

எக்ஸ் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. எக்ஸில் டேஷ் என்கிற வேகப் பாய்ச்சல் உண்டு, சுவரில் உதைத்து ஏறலாம், கையும் காலும் ஓயாது. சார்ஜ் அந்த ஓட்டத்துக்குள் ஒரு தாளமாக உட்காருகிறது. அப்புறம் நீங்களே சொன்னீர்களே, ஆயுதத்தையும் சார்ஜ் செய்யலாம் என்று. பஸ்டர் வளர்ந்தால் கூடவே ஆயுதமும் வளர வேண்டும் என்று எக்ஸ் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 5 செய்தவர்கள் பஸ்டரை மட்டும் வளர்த்தார்கள்.

இன்னொன்று. 9-இலேயே சறுக்கலும் சார்ஜும் வேண்டும் என்றால் ப்ளூஸை எடுத்து ஆடலாம். விலை என்ன தெரியுமா? படும் அடி இரண்டு மடங்கு. முதலில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, இந்தத் தொகுப்பில் கூடவே வருகிறது. வசதிக்கு விலை வைத்தார்கள், 4-இல் அது ஓசி.

2018-இல் வந்த 11-உம் இதே பாடத்தைத்தான் படித்தது. சார்ஜ் திரும்பி வந்தது, ஆனால் பவர் கியரைத் தட்டினால் பாஸ் ஆயுதமும் பெரிதாகும். வலது ஸ்டிக்கைத் திருப்பினால் ஆயுதம் மாறும், மெனுவே திறக்க வேண்டாம். பைல் டிரைவர் என்கிற ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் பாய்ந்து பள்ளம் தாண்டினேன், பஸ்டர் ஞாபகமே வரவில்லை.

பாம்பு ஸ்டேஜ் பாட்டு:

பெரியவர்கள் தத்துவம் பேசுகிறார்கள், கேட்டவருக்கு யாரும் வரிசை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

2 முடித்தாயிற்று அல்லவா, அடுத்து 3. பாட்டு பிடித்தது என்கிறீர்கள், அப்படியானால் 3-இன் தலைப்புத் திரையிலேயே கொஞ்ச நேரம் பட்டனைத் தொடாமல் உட்காருங்கள். பிறகு ஸ்நேக் மேன் ஸ்டேஜ். எட்டு பாஸும் முடிந்து கோட்டை வரும் என்று நினைப்பீர்கள், வராது. நாலு ஸ்டேஜை உருமாற்றி, 2-இல் நீங்கள் கொன்ற எட்டுப் பேரையும் டாக் ரோபோட் உருவத்தில் திருப்பி அனுப்புவார்கள். நீளம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. பழைய எதிரியைச் சறுக்கத் தெரிந்த காலோடு சந்திப்பது எனக்குச் சுகம். கடைசி பாஸ் காமாவின் இரண்டாவது உருவத்துக்கு டாப் ஸ்பின் ஒரே அடி. ஊரே குப்பை என்று ஒதுக்கிய ஆயுதம் அது.

பிறகு 4, 6. 5-ஐ ஓய்வாக ஆடுங்கள், உயிரும் இ-டேங்கும் இறைந்து கிடக்கும். 6-இல் சில ஸ்டேஜ்களில் பாஸ் கதவு இரண்டு உண்டு, சரியான கதவுக்குள் போனால்தான் பீட்டின் பாகம் கிடைக்கும். ரஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு பறக்கும் ஜெட் உடை வந்தபின் பாதிப் பள்ளங்களுக்கு அர்த்தமே இல்லை. 1-ஐக் கடைசியில் வையுங்கள், அங்கே அடிபட்டு மினுங்கிக்கொண்டிருக்கும்போது முள்ளில் விழுந்தாலும் சாவுதான். அங்கே கோட்டையில் வரும் எல்லோ டெவில் என்கிற பாஸிடம் தண்டர் பீம் ஆயுதத்தை விட்டுவிட்டு செலக்ட் பட்டனைத் தட்டித் தட்டி நிறுத்தினால் ஒரே குண்டு பல அடி அடிக்கும். வெட்கப்படாமல் செய்யுங்கள்.

ஸ்விட்சில் வாங்கியிருந்தால் முதல் தொகுப்பில் பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்கிறது. பூபீம் அறைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

புது பிளேயர்:

நன்றி எல்லாருக்கும். மன்னிக்கவும் பாம்பு அண்ணா, கான்கிரீட் அண்ணன் கிளப்பிவிட்ட ஆர்வத்தில் நேற்று இரவு 9-ஐத்தான் திறந்தேன். முதலில் ஸ்பிளாஷ் வுமனிடம் போனேன். நீருக்குள் குமிழி மேல் ஏறி, மேலே முழுக்க முள்! எங்கே ஆரம்பிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

கான்கிரீட் ஷாட்:

கேலக்ஸி மேனில் ஆரம்பியுங்கள். பஸ்டரோடு போனாலும் சமாளிக்கக்கூடிய ஆள். கருந்துளையைப் போடும்போது மட்டும் விலகி நில்லுங்கள். அவனிடம் வாங்கிய பிளாக் ஹோல் பாமை ஜூவல் மேனுக்கு, ஜூவல் சாட்டிலைட்டை பிளக் மேனுக்கு, பிளக் பாலை டொர்னேடோ மேனுக்கு, டொர்னேடோவை மேக்மா மேனுக்கு, மேக்மா பஸூக்காவை ஹார்னெட் மேனுக்கு. பிறகு குளவிகளோடு ஸ்பிளாஷ் வுமனிடம் போனால் அந்த அம்மா பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வேலை முடியும். கடைசியில் கான்கிரீட் மேன், அவனுக்கு ஸ்பிளாஷ் வுமனிடம் வாங்கிய லேசர் டிரைடன்ட்.

ஆனால் இது பாஸ்களுக்கான வரிசை மட்டும். வழியில் எதை எங்கே எடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன். பிளக் மேன் ஸ்டேஜில் மறைந்து தோன்றும் கட்டைகள் வரும்போது எதை எடுத்தீர்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.